தெரியாது அண்ணன் வீட்டு டியூப்லைட்

தெரியாது அண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதை வெளியே எடுத்துப் புழங்கியதில்லை. அடிபட்ட கார்களை நிமிர்த்துகிற டிங்கர் வேலை அவருக்கு. கதவு நசுங்கி, மட்கார்டில் ஒடுக்கு விழுந்து, வண்டியை விட முகம் அதிகமாக நசுங்கிப் போய் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, வேலை முடிஞ்சப்புறம் இடிச்ச இடம் தெரியுமா?" அவர் சொல்வதும் ஒரே பதில்தான். "தெரியாது."

அந்தப் பதிலே பெயராகிவிட்டது. ஒருமுறை புதிதாக வந்த ஒரு ஆள் முக்கு டயர் கடையில், "இங்க டிங்கர் வேலை யாருங்க நல்லா செய்வாங்க?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் "தெரியாது" என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார். இந்தக் கதையை அண்ணனே எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அதே ஷெட்டின் பின்னறையில் அவர் மனைவி பெயின்ட் கலக்குவாள். அவளுக்குக் கலர் அக்கா என்று பெயர். டப்பாவில் எழுதியிருக்கிற நம்பரை நம்பி அடித்தால், வெயிலில் நின்று நின்று வெளுத்த வண்டியில் புதுக் கதவு மட்டும் தனியாகப் பல்லை இளிக்கும். அவள் கண்ணாலேயே பார்த்து ஒரு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்று விட்டு விட்டுச் சேர்ப்பாள். வெள்ளையிலேயே பத்து வெள்ளை பிரித்துச் சொல்லுவாள். சட்டையில் ஒரு பட்டனை வேறு நூலில் தைத்துப் போட்டுக்கொண்டு எதிரில் யாராவது உட்கார்ந்தால், அவளுக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட இரண்டு ஜோடிக் கண்கள் ஒரே வீட்டில் இருப்பது நல்லதில்லை. ஆனால் கல்யாணம் செய்துவைக்கிறவர்கள் இதையெல்லாமா பார்க்கிறார்கள்?

ஒருநாள் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி அவள் கைக்குத் தட்டுப்பட்டது. சின்னதுதான். வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஊசியால் குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்; புற்று என்று வந்தது. அன்றிலிருந்து அண்ணன் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம்தான் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், "பசியில்லம்மா, டீ குடிச்சிட்டேன்" என்பார்.

அறுவை சிகிச்சை டாக்டரின் அறையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. அவசரப்படாமல் பேசுகிறவர்.

"முழுசா எடுத்துடுங்க டாக்டர்," என்றாள் அவள். "பாதி வேலை வேண்டாம்."

தொழிலிலும் அவள் கட்சி அதுதான். ஒடுக்கெடுத்த கதவைவிட மாற்றின கதவு மேல் என்பாள். அண்ணனோ கதவைக் காப்பாற்றுகிற கட்சி. தூக்கிப் போட யாரால்தான் முடியாது, அதற்கு ஒரு மேஸ்திரி எதற்கு என்பார். வீட்டில் பல சண்டை இதில்தான் ஆரம்பித்திருக்கிறது.

"முழுசா எடுக்க இதுல அவசியமில்ல," என்றார் டாக்டர். "கட்டி சின்னது, ஒரே இடத்துலதான் இருக்கு. கட்டியையும் சுத்தி கொஞ்சம் நல்ல சதையையும் எடுத்துட்டு, அப்புறம் கதிர் சிகிச்சை குடுத்தா, உயிரைப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். முழுசாதான் எடுக்கணும்னு நீங்க நினைச்சா அதுவும் செய்யலாம். உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும்."

அண்ணன் தொண்டையைச் செருமினார். அவர் வாயில் வேறென்ன கேள்வி வரும்? வாழ்நாள் எல்லாம் கேட்ட கேள்வியை இப்போது அவரே கேட்டார்.

"எடுத்த இடம் தெரியுமா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உண்மையைச் சொல்லணும்னா, தெரியாது."

அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு நல்ல தொழிலாளி இன்னொரு நல்ல தொழிலாளியைப் பார்க்கிற பார்வை பார்த்தார். அந்தச் சொல்லோடு அவர் காது கடையைச் சாத்திவிட்டது. டாக்டர் சாத்தவில்லை.

"கட்டி எவ்வளவு பெரிசுங்கறது மட்டும் கணக்கில்ல. மார்புல அது எவ்வளவு பங்குங்கறதுதான் கணக்கு. உங்களுக்கு மார்பு சின்னது. கட்டி இருக்கறதும் கீழ்ப்பாதியில, உள்பக்கமா. அது கொஞ்சம் வம்பு பிடிச்ச இடம், எடுத்தா பள்ளம் விழ வாய்ப்பு அதிகம். பக்கத்துச் சதையை நகர்த்தி ரொப்பிப் பாக்கறேன். அப்புறம் உள்ள நீர் கட்டுதா, ஓரம் சுத்தமா வராம மறுபடி எடுக்க வேண்டி வருதா, கதிரை உங்க தோல் எப்படித் தாங்குது, இத்தனை இருக்கு. முதல் மாசம் ஒரு மாதிரி இருக்கும், வருஷம் போனா வேற மாதிரி இருக்கும். அதனாலதான் சொல்றேன், இப்பவே கேட்டா எனக்குத் தெரியாது."

அவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள். அப்புறம் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் வராததுமாக அவர் ஆரம்பித்துவிட்டார். "பாத்தியா, ஒரே வார்த்தை. சுத்தி வளைக்கல, மழுப்பல. தெரியாதுன்னா தெரியாது. கைகாரங்கதான் அப்படிப் பேசுவாங்க." ஆஸ்பத்திரி உணவகத்தில் உட்கார்ந்து, முன்னால் வைத்ததை எல்லாம் வழித்துச் சாப்பிட்டார். இன்னொரு தட்டு வாங்கவா என்று அவளைக் கேட்டுவிட்டு அவரே போய் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தத் தெரியாது உங்க தெரியாது இல்லைங்க, அது வேற தெரியாது என்று. சொல்ல வாயும் எடுத்தாள். ஆனால் பசியோடு சாப்பிடுகிற மனுஷனிடமிருந்து தட்டைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. டாக்டர் பேசினது அவளையும் மாற்றியிருந்தது. உயிருக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்றால், இருப்பதை எதற்கு விட வேண்டும்? பள்ளமோ மேடோ, தன்னுடையது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, கட்டியை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டாள். தன் பேச்சைக் கேட்டுத்தான் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஓரம் சுத்தம், மறுபடி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸ் கட்டுப் பிரித்த அன்று அண்ணனும் அறையில் இருந்தார். தையல் ஒரு மெல்லிய கோடு. வீக்கத்தில் அந்தப் பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் நிறைவாகக்கூட இருந்தது.

"தெரியவே இல்ல," என்றார் அண்ணன் பக்தியோடு. "பட்டி பூசாமலே."

நர்ஸுக்குப் பட்டி என்றால் என்னவென்று புரியவில்லை. பள்ளத்தை ரொப்பி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாவுங்க என்று அவர் விளக்க ஆரம்பித்தார். கலர் அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அடுத்து கதிர் சிகிச்சை, வாரக்கணக்கில். தோல் முதலில் சிவந்தது, அப்புறம் கறுத்தது. பத்து வெள்ளை பிரிக்கிற கண்ணுக்கு அந்தக் கறுப்பின் எல்லை கோடு போட்டது போலத் தெரிந்தது. உள்ளே கட்டியிருந்த நீர் மெல்ல மெல்ல வற்றியது. வற்ற வற்ற, டாக்டர் சொன்ன இடத்தில், டாக்டர் சொன்ன மாதிரியே, பிசைந்த மாவில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தது போல ஒரு பள்ளம் விழுந்தது.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்ற ஆரம்பித்தாள். முதுகு தேய்த்துவிடவா என்று கேட்டால், "கை இப்ப நல்லா எட்டுது" என்பாள். படுக்கும்போது அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி இடத்தையும் மாற்றிக்கொண்டாள். தூங்க வசதியாக இருக்கிறது என்று ஒரு காரணம் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அவளுக்கே அது தெரியும். பள்ளம் அவளுக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. அதைப் பார்க்கும்போது அவர் முகம் என்ன ஆகும் என்பதுதான் பயம். பிறர் வண்டியில் பட்டாணி அளவு ஒடுக்கு இருந்தால்கூடச் சாலையில் நின்று நாக்கைச் சப்புக்கொட்டுகிற மனுஷன் அவர். அந்தச் சப்புக்கொட்டலை அவளால் தாங்க முடியாது. அப்படியொன்று அவர் வாயில் வந்துவிட்டால், அப்புறம் என்ன சமாதானம் சொன்னாலும் அது காதைவிட்டுப் போகாது.

இந்த இடத்தில் ஷெட்டில் இருக்கிற டியூப்லைட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதை ஒரு ஸ்டாண்டில் கட்டி, வண்டிக்குப் பக்கவாட்டில் நிறுத்துவார் அண்ணன். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் ஒடுக்கு எதுவும் தப்பாது. சின்னப் பள்ளத்துக்கும் நிழல் விழும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் சமமாகத்தான் இருக்கும். அதனால் வேலை பார்க்கும்போது விளக்கு பக்கத்தில். வண்டியை ஒப்படைக்கும்போது விளக்கு நேர் எதிரில். என்னதான் கைகாரர் என்றாலும் தொழிலில் ஒரு தற்காப்பு வேண்டாமா?

அவர்கள் படுக்கையறையில் நிலைக்கண்ணாடி ஒரு சுவரில், டியூப்லைட் பக்கத்துச் சுவரில். கண்ணாடி முன் நின்றால் வெளிச்சம் சாய்வாகத்தான் விழும். ஒரு மாலை அவள் அப்படி நின்று பார்த்தாள். நிழல் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தது. கறுப்பின் எல்லை தனியாக ஓடியது. வடிவம் அவர் இலாகா, நிறம் தன் இலாகா, இரண்டிலும் கோளாறு என்று நினைத்தாள். சிரிப்புதான் வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எங்கே அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவள் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ஷெட்டுக்குப் போய்வர ஆரம்பித்தாள். ஒருநாள் மாலை வீடு திரும்பியபோது, டியூப்லைட் பழைய இடத்தில் இல்லை. கண்ணாடிக்கு மேலே, நேராக, புதிதாக மாட்டியிருந்தது. பழைய இடத்தில் இரண்டு ஆணித் துளையும் ஒரு தூசிக்கோடும்தான் மிச்சம்.

விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடி முன் நின்றாள். பள்ளம் இல்லை. எல்லாம் சமம்.

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. ஆக, பார்த்துவிட்டார். எப்போதோ, எப்படியோ பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் விளக்கை மாற்றியிருக்கிறார். ஒப்படைக்கிற வண்டிக்குச் செய்கிற அதே வேலை. பார்க்கப் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவளுக்கு அந்தத் தந்திரம் தெரியாதா?

"லைட்டை ஏன் மாத்தினீங்க?" என்று கேட்டாள்.

"அங்க சுவர் ஈரம் அடிக்குது. ஷாக் அடிச்சா என்ன பண்றது," என்றார் அவர், செருப்பைத் தேடிக்கொண்டே. செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க உப்புப் போதுமா, சாவி எங்கே என்ற அளவில்தான் வீட்டில் பேச்சு நடந்தது.

பரிசோதனைக்குப் போகிற நாள் வந்தது. டாக்டர் அவளை உட்காரவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, இறக்கச் சொல்லிப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். ஸ்கேன் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் பெருமூச்சு விட்டது இந்தப் பக்கம் கேட்டது.

"கறுப்பு ரெண்டு ஷேடு அதிகமா இருக்கு டாக்டர்," என்றாள் அவள்.

டாக்டர் சிரித்தார். "எனக்கு அவ்வளவு துல்லியமாத் தெரியல. ஆனா அது மங்கும். இது தகரமில்லம்மா, அடிச்ச கலர் அப்படியே நிக்க. உடம்பு தானா வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், பொறுமையா இருங்க." அப்புறம் பள்ளத்தைப் பற்றிச் சொன்னார். அது முழுசாக ரொம்பாது, இன்னும் கொஞ்சம் இறுகவும் செய்யலாம். வேண்டுமென்றால், எல்லாம் ஆறி அடங்கிய பிறகு, வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து அங்கே ரொப்பலாம். வேண்டாமென்றால் வேண்டாம். மருத்துவத்துக்கு அது கட்டாயமில்லை.

உடுத்திக்கொண்டு அவள் திரையை விட்டு வெளியே வந்ததும், அண்ணன் நாற்காலி நுனியில் நகர்ந்தார். பல நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததை இறக்கினார்.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. நீங்க அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே."

"ஆமா. தெரியாதுன்னுதான் சொன்னேன்."

"ஆனா தெரியுதே டாக்டர்."

"அதான். அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியுது."

அண்ணன் டாக்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். சொல்லின் இன்னொரு பக்கம் அப்போதுதான் அவர் மண்டையில் இறங்கியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இது ஒன்றும் புரியாத டாக்டர், அடுத்த பரிசோதனை எப்போது என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அவர்களுடைய வண்டி ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நின்றது. ஊர் வண்டிகளை எல்லாம் கண்ணாடியாக்குகிற வீட்டில் சொந்த வண்டியின் பின்கதவில் பல வருஷமாக ஒரு ஒடுக்கு. நேரம் கிடைக்கவில்லை என்பார். உள்ளே உட்கார்ந்தும் அவர் சாவியைத் திருப்பவில்லை.

"உனக்கு அன்னைக்கே புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க. எப்படிச் சொல்றது?"

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். "என் பேச்சைக் கேட்டு ஏமாந்துட்டியோன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"உங்க பேச்சை நான் எப்பக் கேட்டேன்? எனக்கு வேணும்னு வச்சுக்கிட்டேன்." அவளும் தன்னுடையதை இறக்கினாள். "லைட்டை எதுக்கு மாத்தினீங்க? சுவர் ஈரம்னு மறுபடி சொன்னீங்கன்னா நான் இறங்கி நடந்தே போயிடுவேன். பாக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லுங்க."

அவர் நிஜமாகவே அதிர்ந்து போனார். "பாக்கப் பிடிக்கலயா? எனக்கா? அன்னைக்குக் கதவு சரியா சாத்தல. கண்ணாடி முன்னாடி நின்னு அழுதுக்கிட்டு இருந்தே. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. ஒடுக்கெடுக்கத் தெரியும், அதை உன்கிட்ட எடுக்க முடியுமா? லைட்டை மாத்தத்தான் தெரிஞ்சுது. உன் கண்ணுக்குத் தெரியாம இருந்தா போதும்னு மாத்தினேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வாரம் மனசுக்குள் இந்த மனுஷனைத் திட்டின திட்டெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, அவரை ஓங்கி ஒரு குத்துக் குத்த வேண்டும் போல இருந்தது.

"வண்டியை எடுங்க," என்றாள். "வெயில் ஏறுது."

மறுநாள் ஷெட்டுக்கு விடுமுறை. காலை வெயில் படுக்கையறை ஜன்னல் வழியாகச் சாய்ந்து உள்ளே வரும். அதை யாராலும் கழற்றி வேறு சுவரில் மாட்ட முடியாது. அவர் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் திரைச்சீலையை முழுக்க ஒதுக்கினாள். கதவை உள்ளே தாழிட்டாள். அப்புறம் அவருக்கு எதிரில் வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் வந்து நின்று, ரவிக்கையைக் கழற்றினாள். கையால் மறைக்கவில்லை.

"பாருங்க," என்றாள். "தெரியுதா?"

அவர் எழுந்து நின்றார். வண்டியைப் பார்க்கிற பழக்கத்தில் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். வாழ்நாளில் அந்தக் கேள்விக்கு அவர் வேறு பதில் சொன்னதே இல்லை. நாக்கு நுனியில் அது தயாராகவே இருக்கும். அந்தச் சொல் வந்துவிடக் கூடாதே என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்துவிட்டால் தானும் ஒப்படைக்கிற வண்டியாகிவிடுவோம் என்று தோன்றியது.

அவர் நிதானமாகப் பார்த்தார். கறுப்பைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டவில்லை. உள்ளங்கையை வைத்து, ஒடுக்கைத் தடவிப் பார்க்கிற அதே மெதுவோடு, ஒருமுறை தடவினார்.

"தெரியுது," என்றார். "நல்லாத் தெரியுது."

கையை எடுக்கவில்லை.

அவள் பிடித்திருந்த மூச்சை விட்டாள். எத்தனையோ மாதமாக உள்ளே இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. வெளிச்சம் அப்படியேதான் விழுந்துகொண்டிருந்தது. நிழலும் பள்ளத்தில் அப்படியேதான் இருந்தது. இப்போது அதை இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள்.

"வயித்துல இருந்து எடுத்து ரொப்பலாம்னு டாக்டர் சொன்னாங்கல்ல," என்றார் அவர் மெல்ல.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். செஞ்சாலும் செய்வேன், செய்யாமலும் இருப்பேன். முதல்ல நம்ம வண்டிக் கதவுக்கு நேரம் கிடைக்குதான்னு பாருங்க." அவள் ரவிக்கையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள், போட்டுக்கொள்ள அவசரப்படவில்லை. "அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு."

"என்ன?"

"அந்த லைட்டைப் பழைய இடத்துலயே மாட்டுங்க. படிக்க வெளிச்சமே வரல."

அவர் ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனார்.